எஃகு கோவிந்தன் என்னைத் தூக்கிய லட்சணம்

மே 6, செவ்வாய்

அக்கினி நட்சத்திரம் மூன்றாம் நாள். காலை எட்டு மணிக்கே சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கூரை கொதிக்கிறது. நூற்றுப் பத்து வண்டி. ஒரு ஸ்கூட்டியின் கண்ணாடி உடைந்ததற்கு டீச்சர் அம்மாவிடம் திட்டு.

பத்தரைக்கு வெள்ளைக் கார் ஒன்று வாசலை மறித்து நின்றது. எடுக்கச் சொல்லப் போனால் உள்ளே எஃகு கோவிந்தன். பதினைந்து வருடம் கழித்து. தலைக்கும் மீசைக்கும் கன்னங்கரேல் என்று டை. பக்கத்தில் ஷோ நடத்தப்போகும் ஆள், திண்டிவனத்தில் செல்போன் கடையாம்.

"இன்னாடா டைகரு, வண்டிக்கு டோக்கன் குடுத்துக்கினு கீறியா?"

எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்தில் ரிங் குஸ்தி. மறுபடி ஏறுகிறாராம். எதிராளி நான்தானாம். கேட்கவில்லை, சொன்னார்.

"அறுபத்தொண்ணு ஆவுதுண்ணே உங்களுக்கு."

"சிங்கத்துக்கு இன்னாடா வயசு?"

பண்ருட்டி ஷோவில் கழுத்து பிசகி ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஒரு எட்டு வந்து பார்க்காத சிங்கம். முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சரி என்றுதான் வெளியே வந்தது. என் வாயை என்ன செய்வது.

மே 8, வியாழன்

வெயில். மதியம் லீவு போட்டுத் திண்டிவனம். காலி நெல் குடோனில் ஒத்திகை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

எல்லாம் பேசி வைத்ததுதான். அவர் ஜெயிப்பார், நான் தோற்பேன். பதினெட்டு வருடமும் அப்படித்தான். முடிவில் என்னைத் தோளுக்கு மேல் தூக்கிப் பின்னால் வீசுவார். வீசுவதாவது! என் மணிக்கட்டில் இரண்டு தட்டு தட்டுவார். உடனே நான் எகிறிக் குதிக்க வேண்டும். அவர் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முக்கினால் போதும். தொண்ணூறு கிலோ எதிராளியைத் தூக்கிய எஃகு என்று பேர் அவருக்கு. பல் உடைந்தது எனக்கு.

இது ஒருத்தருக்கும் தெரியாது. லூர்துவிடம்கூடச் சொன்னதில்லை. கட்டின பெண்டாட்டியிடமும் சொல்லக் கூடாது என்று எ.கோ. அன்றைக்கே சத்தியம் வாங்கிவிட்டார். முகையூர் ஆரோக்கியமாகிய நான் ரிங்கில் 'பாம்பே டைகர்'. பாம்பேக்காரன் என்பதால் தமிழும் பேசக் கூடாது. பதினெட்டு வருடம் "ஏய்", "ஊய்" மட்டும்.

இன்று தட்டினார், குதித்தேன். முட்டியில் கடக் என்று சத்தம். இறங்கியதும் செல்போன் கடைக்காரனிடம் சொல்கிறார்: "பாத்தியா தம்பி, ஜிம்முக்குப் போறவன்லாம் வரட்டும். இவன எனக்கு ஒத்தக் கை போதும்." மூச்சு வாங்குகிறது, வாய் மட்டும் குறையவில்லை.

வரும்போது மல்லாட்டை அரை கிலோ. பாதிக் கடலை சொத்தை.

மே 10, சனி

புழுக்கம். மேகம் வந்து ஏமாற்றிவிட்டுப் போனது. பழைய பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர். அவர் முகம் ஆள் உயரம். என் முகம் மூலையில், அதன் மேல் வெற்றிலைத் துப்பல்.

ஒரு யூடியூப் சேனலில் பேட்டியும் கொடுத்திருக்கிறார். "டைகரா? அவனுக்குச் சோறு போட்டதே நான்தாங்க." இரண்டு தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்க்க முடியவில்லை.

நாளைக்கு:
- முட்டிப் பட்டை
- மஞ்சள் டிரவுசர், எலாஸ்டிக் மாற்ற (லூர்து)
- ஸ்டாண்டுக்கு மச்சான் வர வேண்டும், போன்
- எ.கோ. தட்டும்போது குதிக்கக் கூடாது

லூர்துவும் வருகிறாளாம். "எங்க ஊரு கிரவுண்டு. கல்யாணத்துக்கு முந்தி பாத்தது. நான் வராம பின்ன?" வரட்டும். யார் யாரைத் தூக்கினார்கள் என்று அவளும் பார்க்கட்டும்.

மே 11, ஞாயிறு

காலைப் பூசை. ஜெபத்தில் மனம் நிற்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஷோ. மைதானத்தில் பாதிக் கூட்டம், பெரும்பாலும் நரைத்த தலைகள். முதல் வரிசையில் லூர்து, மடியில் தண்ணீர் பாட்டில்.

பத்து நிமிடத்துக்குள் எ.கோ.வுக்கு நாக்கு தள்ளியது. டை வியர்வையில் கரைந்து கழுத்தில் கறுப்பாக ஒழுகியது. பிறகு என் இடுப்பைப் பிடித்தார். மணிக்கட்டில் இரண்டு தட்டு.

நட்ட கல் மாதிரி நின்றேன்.

மறுபடி இரண்டு தட்டு. காதுக்குள், "குதிடா."

நின்றேன்.

"டேய் ஆரோக்கியம், மானம் போவுதுடா, குதிடா!"

முக்கினார். என் குதிகால்கூட எழும்பவில்லை. கூட்டத்தில் எவனோ, "யோவ், மூட்டைய வுட்டுட்டுப் போய்யா!" சிரிப்பு. மூன்றாம் முறை முக்கியவர் தன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நடுவர் என்ன செய்வதென்று தெரியாமல் என் கையைத் தூக்கினார். முதல் தடவை.

கைதட்டல் இல்லை. அப்போது எ.கோ. மைக்கை வாங்கினார். "எனக்கு வயசாயிடுச்சுங்க. என்னை மன்னிச்சிடுங்க." அவ்வளவுதான், மைதானமே எழுந்து நின்று கைதட்டியது. சில பேர் கண்ணைத் துடைத்தார்கள். தோற்பதிலும் எனக்கு இடம் வைக்கவில்லை அந்த மனுஷன். மைக்கைப் பிடுங்கி எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். பாம்பே டைகருக்குத்தான் தமிழ் தெரியாதே. மூலையில் நின்றேன்.

பஸ்ஸில் லூர்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விக்கிரவாண்டி தாண்டியும் திரும்பவில்லை.

மே 12, திங்கள்

விடியலில் தூறல், மண் நனையவில்லை. முட்டி வீக்கம். தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டே லூர்து கேட்டாள்.

"நேத்து இன்னாத்துக்குய்யா குதிக்கல?"

கையில் டம்ளர். கீழே வைத்தேன். குதிப்பது உனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"இது ஒரு ரகசியமா? மொத வரிசைல உக்காந்தா ரெண்டு காலும் தரைய ஒதைக்கறது தெரியாது? ஊருக்கே தெரியும். எங்க அப்பா, 'அந்தப் பாம்பேக்காரன் இன்னாமா எகிர்றான் பாரு'ன்னு சொல்லித்தான் எங்கள கூட்டிக்கினு போவாரு. கோவிந்தன யாருய்யா பாத்தா?"

தோசையைத் திருப்பினாள்.

"நேத்து வந்த அத்தினி பேரும் அதுக்குத்தான் வந்தாங்க. நானும் அதுக்குத்தான் வந்தேன்."