ரஜ்ஜு தட்டுகிறது

ஜூன் 3, 2025, செவ்வாய்

ஆலங்குடி. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிவிட்டது. வாரம் ஒரு நாள் நான் இங்கே வந்து மனநல ஓ.பி. பார்க்க ஆரம்பித்த புதிதில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாக வருவார்கள். இன்று வரிசையில் யார் முந்தி என்று சண்டை! நிலக்கடலைக் காட்டுக்குப் போக வேண்டும், முதலில் என்னைக் கூப்பிடு என்று அழகி என்கிற அம்மா ஒரே கூச்சல். சண்டை போடுகிற அளவுக்கு வெட்கம் விட்டுப்போச்சே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

மரியசெல்வம் ஆய்வு முடிவுகளைக் கொண்டுவந்தார். ஊர் ஊராகப் போய் எங்களுக்காகக் கேள்வி கேட்பவர் அவர்தான். ‘மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர் வீட்டில் சம்பந்தம் செய்வீர்களா?’ ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதைக் கேட்டபோது அடிக்க வராத குறை. இப்போது பாதிப்பேர் செய்வோம் என்கிறார்கள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

“வாய்க்குச் சொல்றாங்க மேடம். வீட்டு வாசலுக்கு வந்து நின்னாத்தான் தெரியும்” என்றார்.

உங்களுக்கு எதிலும் குறைதான் என்று அவர் வாயை அடைத்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு, வழக்கம்போல, இளமதி. ஆறு வருஷத்துக்கு முன் கோயம்புத்தூரில் வேலை பார்த்த இடத்தில் ஒரு வாரம் தூங்காமல், பாடிக்கொண்டு, போட்டிருந்த நகையைக் கழற்றிக் கண்டவர்களுக்கெல்லாம் கொடுத்த பெண். பிறகு மாசக்கணக்கில் படுக்கை. இன்று ஒரு தேங்காய் மண்டியின் ஆபீஸ் முழுக்க அவள் கையில். லித்தியம் மாத்திரை, அதன் அளவைப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை எதிலும் பிசகு கிடையாது. இவளைப் போல நாலு பேர் இருந்தால் போதும், எங்கள் தொழிலுக்கே மரியாதை. மேடையேறி உன் கதையைச் சொல் என்று இன்றும் நச்சரித்தேன். “கல்யாணம் ஆகட்டும் மேடம்” என்று சிரித்தாள். பயந்தாங்கொள்ளி என்று கேலி பண்ணி அனுப்பினேன்.

ஜூன் 8, ஞாயிறு

தம்பி குணசேகரன் மஸ்கட்டிலிருந்து வந்து கடை போட்டு ஒரு வருஷமாகிறது. காட்டிய பெண்ணையெல்லாம் மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டிருந்தான். இன்று காலையில் தரகர் சேவுகன் அம்மாவின் போனுக்கு ஒரு படம் அனுப்பினார். அதைப் பார்த்துவிட்டு அவனே, “இதையே பேசி முடிங்கம்மா” என்றான்!

அம்மா போனை என்னிடம் நீட்டினாள். பச்சைப் புடவை, நெற்றியில் சின்ன விபூதிக் கீற்று. இளமதி.

“ஏன்டி முழிக்கிற, தெரிஞ்ச புள்ளையா?”

“இல்லம்மா.”

அது தப்பில்லை. என்னிடம் வருகிறவர்களைத் தெரியும் என்று வெளியில் சொல்லக் கூடாது. இதுவரை தப்பில்லை.

ஆனால் படத்தைப் பார்த்ததும் முதலில் மனசில் வந்தது என்ன என்பதை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு அதை மாற்றி வேறு மாதிரி சொல்லிக்கொள்வேன், என்னை எனக்குத் தெரியும். வந்தது இதுதான்: ஐயோ, நம்ம வீட்டுக்கா.

ஜூன் 10, செவ்வாய்

இன்று அவள் வர வேண்டிய நாளே இல்லை. வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்காராமல் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“தரகர் குடுத்த குறிப்புல மாப்பிள்ளைக்கு அக்கா டாக்டர்னு போட்டிருந்துச்சு மேடம். பேரைப் பாத்ததும் எனக்கு நம்பவே முடியல. வந்த எடத்தையெல்லாம் நாந்தான் வேணாம்னேன். மறைச்சுக் கட்டிக்கிட மாட்டேன்னு. எங்கம்மா அந்தக் கோவத்துல எங்கிட்டப் பேசுறதே இல்ல. இது ஒண்ணுக்குத்தான் சரின்னேன். ஒங்க வீட்டுல மறைக்கவே வேணாமில்ல?”

நான் ஏதோ தலையாட்டினேன்.

“நீங்களே ஒங்க தம்பிகிட்ட சொல்லிருங்க மேடம். நான் சம்மதம் தாரேன். என் வாயால சொன்னா அழுதுருவேன். நீங்க சொன்னா அவங்களுக்குப் பயமில்லாமப் புரியும். கேட்டுட்டு வேணாம்னாலும் எனக்கு வருத்தமில்ல.”

“பாக்குறேம்மா” என்றேன்.

வார்டில் கட்டில் இல்லாதபோது வாசலில் நிற்கிறவர்களிடம் நான் சொல்லுகிற வார்த்தை இது.

ஜூன் 11, புதன்

சொல்லவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை. எத்தனை காரணம் கண்டுபிடிக்கிறேன்! பிள்ளைப்பேறு சமயத்தில் மருந்தை மாற்ற வேண்டியிருக்கும். குழந்தை பிறந்தபின் நோய் திரும்பி வரலாம். அம்மாவுக்கு வயசாகிவிட்டது. நான் ஊரில் இல்லாத நாளில் ஏதாவது என்றால்?

சரி, எத்தனை பெண்களுக்கு நீயே கூட இருந்து பிள்ளை பெற வைத்திருக்கிறாய் சொர்ணவல்லி? மாமியார்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “சர்க்கரை, பிரஷர் மாதிரிதாம்மா இதுவும்” என்று எத்தனை தடவை வாய் கிழியப் பேசியிருக்கிறாய்? அப்போதெல்லாம் அந்த மாமியார்கள் முழித்த முழி எனக்கு எரிச்சலாக இருக்கும். படிக்காத ஜனம் என்று நினைத்துக்கொள்வேன்.

குணா என்னிடம் வந்து நெளிந்தான். பெண்ணோடு போனில் பேசலாமா, நீ கேட்டுச் சொல்லேன் என்றான். முப்பத்திரண்டு வயசில் காது சிவந்து நிற்கிறான் தடியன். ஆடி பிறப்பதற்குள் பூ வைத்துவிட வேண்டும் என்று அம்மா வேறு பறக்கிறாள்.

ஜூன் 15, ஞாயிறு

செய்துவிட்டேன்.

அம்மா பார்த்த ஜோசியர் பொருத்தம் பிரமாதம் என்று சொல்லியிருந்தார். நான் மதியம் சாப்பிட்டுக்கொண்டே, குழம்பு ஊற்று என்று சொல்கிற குரலில் சொன்னேன்: “கீரனூர்ல ஒருத்தர்கிட்ட நானும் ஜாதகத்தைக் காட்டினேம்மா. ரஜ்ஜு தட்டுதாம்.”

கீரனூரில் எந்த ஜோசியரையும் எனக்குத் தெரியாது. ஜோசியர் வீட்டு வாசலை மிதித்ததே கிடையாது. ஆறு மாசம் பரிகாரம் பண்ணிவிட்டுக் கடைசியில் என்னிடம் வருகிறவர்களை, இத்தனை நாள் புள்ளையை நோயில் போட்டுவிட்டு ஜாதகமா பார்த்தீர்கள் என்று திட்டாத செவ்வாய்க்கிழமை உண்டா? ஆனால் எதைச் சொன்னால் அம்மா மறுபேச்சுப் பேச மாட்டாள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வேறு எந்தப் பொருத்தம் தப்பினாலும் சமாதானம் உண்டு. ரஜ்ஜு தட்டினால் புருஷன் உயிருக்கு ஆகாது.

“ஆத்தாடி! தாலிக்கே ஆகாதே!” அம்மா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அப்போதே சேவுகனுக்குப் போன் போட்டாள்.

குணா என்னையே பார்த்தான். “நீயாக்கா ஜாதகம் பார்க்கப் போன?”

“அம்மாவுக்காகத்தான்டா.”

உண்மையைச் சொல்லி அவன் வேண்டாம் என்றிருந்தால் அது அவன் பாடு. அவனுக்கு அந்த வாய்ப்பையே கொடுக்கவில்லை. அவளுக்கும் கொடுக்கவில்லை. தூ. என்ன ஜென்மம் நான்.

ஜூன் 17, செவ்வாய்

ஆலங்குடி. கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தேன். வரவில்லை. வராமல் இருந்தால் நல்லது என்றும் இருந்தது.

ஜூலை 1, செவ்வாய்

இன்று அவளுக்கு மருந்து முடிகிற நாள். ரத்தமும் கொடுக்கவில்லை, ஆளும் வரவில்லை. ஆறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

“போன் போடவா மேடம்?” என்று மரியசெல்வம் கேட்டார். நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். போனை எடுத்து அவள் பெயர் வரைக்கும் போய்விட்டு வைத்துவிட்டேன். என்ன கேட்பது? ஏன் வரவில்லை என்றா?

லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கிறவள் நான். நான் போட்ட முடிச்சில் ஒரு பெண் மறுபடி தூக்கமில்லாமல் தெருவில் நின்றால்? கடவுளே, அவள் தூங்குகிறாளா?

ஜூலை 4, வெள்ளி

திருச்சியில் மனநல டாக்டர்கள் கூட்டம். எங்கள் ஆய்வைப் படித்தேன். சம்பந்தம் செய்வோம் என்று சொன்னவர்கள் பற்றி வந்ததும் கை தட்டினார்கள். கிராமங்கள் நம்மைவிட முந்திவிட்டன என்று ஒரு பேராசிரியர் பாராட்டிப் பேசினார். மேடையில் கொடுத்த சால்வையைப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கீரனூர் வந்ததும் ஜன்னல் பக்கம் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டேன். அங்கே இல்லாத ஒரு ஜோசியருக்குப் பயந்து!

ஜூலை 6, ஞாயிறு

தாங்க முடியவில்லை. குணாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ரஜ்ஜு பொய் என்பதை. அவள் யார், எப்படி இருந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள், உன்னிடம் சொல்லச் சொல்லி எவ்வளவு நம்பிக்கையோடு வந்து நின்றாள் என்பதை. இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, நானே அவங்க வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து பேசுகிறேன் என்றேன்.

கத்துவான், அடிக்கக்கூட வருவான் என்று நினைத்தேன். அவன் நிதானமாகக் கேட்டான்.

“அவ ஒங்கிட்ட ஆறு வருசமா வாராளாக்கா?”

“ஆமாடா. தங்கமான பொண்ணு.”

“ஆறு வருசமாப் பாத்த நீயே பொய் சொல்லித் தடுத்திருக்க. அம்மா தடுத்திருந்தா, ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சண்டை போட்டிருப்பேன். நீ டாக்டருக்கா. நீயே பயந்தியே, அப்ப அதுல எவ்வளவோ இருக்கும்ல? நான் எந்த தைரியத்துல கட்டறது?”

அப்படியில்லைடா, அப்படியில்லைடா என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்று ரஜ்ஜு என்று நான் சொன்னதைவிட இன்று சொன்னதுதான் அவளை முடித்துவிட்டது.

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். நான் முகம் கழுவப் போனபோது வந்து என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். “எம்புள்ள வாழ்க்கைய காப்பாத்திட்டடி தாயி” என்றாள்.

அவள் திட்டியிருக்கலாம். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

வந்தாள். கூட்டத்துக்கு நடுவில், வரிசையில் நின்று, சீட்டோடு வந்தாள். திருச்சியில் மருந்து வாங்கி, அங்கேயே எடுத்த ரத்தப் பரிசோதனையை மேஜைமேல் வைத்தாள். மருந்தின் அளவு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது.

“நீ நிறுத்திட்டியோன்னு பயந்துட்டேன் இளமதி.”

“ஏன் மேடம் நிறுத்தணும்? ஒங்களுக்காகவா சாப்புட்டேன்?” கோபமாகச் சொல்லவில்லை.

“ரஜ்ஜு...” என்று ஆரம்பித்தேன்.

“தெரியும் மேடம். நாங்களும் பாத்தோம்ல. ரஜ்ஜு நல்லாத்தான் இருக்கு.”

அழ ஆரம்பித்தது நான். நோயாளிகளுக்கென்று மேஜையில் வைத்திருக்கிற தண்ணீர் பாட்டிலை அவள் என் பக்கம் நகர்த்தினாள். மன்னிச்சிரு என்றேன். அதை அவள் அப்படியே விட்டுவிட்டாள்.

“ஒண்ணு மட்டும் கேக்கணும். நீ நல்லாயிட்ட, எல்லாரையும் போல வாழலாம்னு இத்தனை வருசம் சொன்னீங்க. அது நெசமா? இல்ல, என்னய மாத்திரை சாப்பிட வைக்கறதுக்காகச் சொன்னதா?”

“நெசம். சத்தியமா நெசம்மா.”

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோய் உண்டா இல்லையா என்று நான் மற்றவர்களைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. இனிமேல் திருச்சியிலேயே பார்த்துக்கொள்கிறேன், எழுதிக் கொடுங்கள் என்றாள். எழுதிக் கொடுத்தேன். அவள் பெயரையே தப்பாக எழுதி, அடித்துத் திருத்த வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

குணாவுக்குப் பொன்னமராவதிப் பக்கத்தில் பெண் முடிவாகிவிட்டது. என்னிடம் அவன் அதிகம் பேசுவதில்லை. சாப்பாடு ஆச்சா என்றால் ஆச்சு என்கிறான்.

இன்று அப்பாவின் தங்கை, சொர்ணம் சொர்ணம் என்று வாசலிலிருந்தே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஆவணி பிறந்துவிட்டதால் மகன் வசந்தகுமாருக்குப் பெண் தேடுகிறார். என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்து போனை எடுத்தார்.

“ஒங்கம்மா சொன்னுச்சு. பேரெல்லாம் சொல்லல, நீ பயப்படாத. எம்மக கண்ணுக்குத் தப்பி ஒரு பொண்ணும் நம்ம வீட்டுக்குள்ள வர முடியாதுன்னுச்சு. எனக்கும் ஒரு ஒத்தாசை பண்ணு ஆத்தா. இந்தப் புள்ள ஒங்கிட்ட மாத்திரைக்கு வருதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு.”

அம்மா! சத்தியம் வாங்கினேனே!

“அதெல்லாம் நான் சொல்லக் கூடாதத்தே.”

“அப்ப வருதுன்னு சொல்லு. வராட்டி வரலைன்னு சொல்லிட்டுப் போயிருவியே.” அத்தையின் விரல் படத்தை அழிக்கப் போனது.

அறந்தாங்கிப் பக்கத்துப் பெண்ணாம், டீச்சராம். என் ஆயுளில் அவளைப் பார்த்ததே இல்லை. என் வாயால் ஒரு பெண் கெட்டது போதாதா என்று பதறிப்போய், “ஐயோ, இல்லத்தே, இந்தப் பொண்ணு வர்றதில்ல” என்று சொல்லிவிட்டேன்.

“இம்புட்டுத்தான? இதைச் சொல்லறதுக்கு என்னா பிகு பண்ற!” அத்தைக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. விரலால் அடுத்த படத்தைத் தள்ளினார். “சரி, இது?”

ரம்யா. மூன்று வருஷமாக என்னிடம் வருகிறவள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா முறுக்குத் தட்டோடு வந்து நின்றாள். அத்தை என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் படத்தை அழித்தார்.