கழற்றாத படங்கள்

மாசி 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. குளக்கட்டே தெரியவில்லை. பக்கத்து வயல் வெட்டி முடிந்தது. விறாந்தைச் சுவர்ப் படங்கள் எல்லாம் துடைத்தேன். இடமிருந்து வலம்:

கஜன். மூத்த மகளின் மகன். எஞ்சினியர், கொழும்பு. பட்டமளிப்புத் தொப்பி சரிந்திருக்கிறது, பரவாயில்லை. தலைக்குள் இருப்பது சரியவில்லை.

மாதுமை. அவனுடைய தங்கை. டொக்டர் படிப்பு, மூன்றாம் வருடம், யாழ்ப்பாணம். என் பிரஷருக்கு இனி இவள்தான்.

அபிஷன். இளைய மகளின் பிள்ளை. ஏ.எல். சோதனையில் மூன்று ஏ. படத்தில் சிரிக்கவில்லை.

துளசி. மகன் நேசனின் மகள், கனடா. வீடு விற்கிறாள். சும்மா வீடில்லை, சன்னலைத் திறந்தால் பனிமலை தெரியும் வீடுகள். வசதியான ஆட்களின் ஊர். அங்கே பஸ் நிற்கும் இடத்துப் பலகையில் இவளின் முகம் பெரிதாக ஒட்டியிருக்கிறதாம். என் சுவரில் மட்டும் ஏழு வயது, முன்பல் இல்லை.

நான் ஐந்தாம் வகுப்பு. இவ்வளவும் என் வயிற்றுவழி வந்தவை.

பத்து மணிபோல் நேசன் போன் எடுத்தான். துளசி தனக்கும் அந்த ஊரிலேயே வீடு வாங்கிவிட்டாளாம். கீழ்த்தட்டில் எனக்கு அறை. கட்டிலில் படுத்தபடி மலை பார்க்கலாமாம். ஒட்டுசுட்டான் வீட்டை விற்றுவிட்டு வரட்டாம். வவுனியாப் புரோக்கருக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்றாம்.

ஏற்கெனவே. எனக்குச் சொல்லமுன்.

பிரஷர்க் குளிசை போட மறந்துவிட்டேன். இப்போது போட்டேன்.

மாசி 5, வியாழன்

வெயில். புரோக்கர் மோட்டார்சைக்கிளில் வந்தார். நல்ல மனிதன், செருப்பை வாசலில் கழற்றினார். "குளம் தெரியிற வீடு" என்று போடப் போகிறாராம். குளம் இத்தனை வருடமாய் அங்கேதான் கிடக்கிறது, இப்போதுதான் தெரிகிறதாக்கும்.

துளசி போனில் முகம் காட்டியபடி அவருக்கும் எனக்கும் பாடம் எடுத்தாள். நான் எழுதிக்கொண்டது:

1. சன்னல் எல்லாம் திறக்க வேண்டும்.
2. மேசையில் பூ.
3. குசினியில் கருவாட்டு மணம் கூடாது.
4. சுவரில் படம் ஒன்றும் கூடாது.

நாலாவதை இன்னொருமுறை சொல்லச் சொன்னேன்.

"படங்களைக் கழட்டுங்கோ அப்பம்மா. பாக்க வாறவை தங்கட வீடா நினைக்கோணும்."

"நினைக்கக் கூடாது எண்டுதான் பிள்ளை மாட்டியிருக்கிறன்."

புரோக்கர் சிரித்துவிட்டு, வீடியோ எடுக்க மட்டும் என்று சொல்லி மாதுமையின் படத்தில் கை வைத்தார். கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். படங்களோடுதான் வீடியோ.

இது துளசிக்குத் தெரியாது, அவள் அப்போது இங்கில்லை. கடைசிச் சண்டையில் ஊரைவிட்டு ஓடினபோது நான் ஒருமுறை கழற்றினவள். எட்டுப் படம், சேலையில் சுற்றி, கைவண்டியில். உடையார்கட்டு தாண்டமுன் சேலையும் இல்லை, வண்டியும் இல்லை. எட்டில் ஒன்றும் திரும்பவில்லை. சாமித்தட்டில் இருக்கும் என் புருசனின் முகம் இப்போது அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்தது, கண் இரண்டும் மங்கல். துளசியின் முன்பல் இல்லாத படம், நேசன் கொண்டுபோன பிரதி. தபாலில் வந்தது. அதனால்தான் இருக்கிறது.

படத்தைக் கழற்றினால் நாங்கள் வெளிக்கிடுகிறோம் என்றுதான் கணக்கு. நான் வெளிக்கிடவில்லை.

மாசி 8, ஞாயிறு

வீடு பார்க்க ஆட்கள். லண்டனில் வேலை முடித்து ஊரோடு இருக்க வந்த புருசன் பெண்சாதி. புரோக்கர் முன்னால். வருவதாய்ச் சொன்ன நேரம் பத்து. ஒன்பதரைக்குக் கருவாடு பொரித்தேன். முல்லைத்தீவுக் கருவாடு, மணம் கேற்றடி வரை போகும்.

சன்னல் திறந்தேன். பூவும் வைத்தேன். சொன்ன நாலில் இரண்டு கேட்டிருக்கிறேன்.

அந்தாள் குளத்தைப் பார்க்கப் பின்வளவுக்குப் போனார். மனுசி சுவரடியில் நின்று, இது யார் என்று கஜனைக் காட்டிக் கேட்டது. கேட்டபிறகு சொல்லாமல் விடலாமோ. கஜன் ஸ்கொலசிப் சோதனையில் எடுத்த புள்ளியிலிருந்து தொடங்கினேன். கதிரை போட்டுக் கொடுத்தேன். மாதுமை. அபிஷன். இரண்டு தேத்தண்ணி. துளசிக்கு வர அந்தாளும் வந்து நின்றுவிட்டார். பலகையில் ஒட்டிய முகம் வரை சொன்னேன். புரோக்கர் மூன்றுமுறை மணிக்கூடு பார்த்தார்.

மனுசி எழும்பி என் கையைப் பிடித்தது. "அம்மா, இது ஆக்கள் இருக்கிற வீடு. நாங்கள் வேற இடம் பாக்கிறம்."

கருவாட்டில் கொஞ்சம் பொதி செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போனார்கள்.

மாசி 9, திங்கள்

மந்தாரம். முழங்கால் குத்து.

புரோக்கர் போனில்: "எணை அம்மா, கருவாட்டைக்கூடச் சமாளிச்சிருப்பன். உங்கட கதையைத்தான் ஏலாமல் போச்சு." கோபமா பகிடியா தெரியவில்லை. இனி ஆட்களைக் கூட்டிவருவதென்றால் என்னைக் கேட்டுவிட்டு வரச் சொன்னேன்.

பிறகு நேசன். அவன் கோபத்தில் கத்துகிறவன் இல்லை, மெல்லமாய்க் கதைப்பான். அதுதான் கூடுதல் கஷ்டம். போன மாதம் யானை வந்து பக்கத்து வளவு வாழையை முறித்ததை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"தனியக் கிடந்து உங்களுக்கு ஒண்டு நடந்தா நான் என்னெண்டம்மா பாக்கிறது?"

"ஆனை வந்தா கொளுத்த வெடி கிடக்கு. வீட்டு உறுதிப் பத்திரம் என்ர பேரில கிடக்கு. கையெழுத்து நான் வைக்கமாட்டன் ராசா."

போனில் மூக்கை உறிஞ்சினான். அழுகிறானோ என்று பயந்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஓம் என்றான். வைத்துவிட்டான்.

ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துப் போடப் பழக்கினார்கள். எங்கே போடக்கூடாது என்று நானாய்ப் பழகினேன். ஆனாலும் மத்தியானச் சோற்றைக் காகத்துக்குத்தான் வைத்தேன்.

மாசி 11, புதன்

வெயில். வெடி இரண்டையும் எடுத்துக் காயவைத்தேன்.

துளசி எடுத்தாள். பேச்சு விழும் என்று கதிரையில் இருந்துகொண்டேன். அவள் சிரிக்கிறாள். புரோக்கர் எல்லாம் சொல்லிவிட்டாராம்.

"அங்க ஒரு வயசுபோன மனுசிட்டயும் இப்பிடித்தான் படங்களைக் கழட்டச் சொன்னனான் அப்பம்மா. அவா கழட்டிப்போட்டு வெறுஞ்சுவரைப் பாத்துக்கொண்டு நிண்டவா. நேற்றுத்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது." தகப்பனோடு தான் கதைத்துவிட்டாளாம். வீடு விற்பனையில் இல்லையாம். ஆனால் அந்த அறையை வேறு ஒருவருக்கும் கொடுக்கமாட்டாளாம்.

கொடுக்கவேண்டாம், அதில் ஆணி அடித்து என் படத்தை மாட்டி விடு, மலையை அது பார்க்கட்டும் என்றேன்.

பின்னேரம் நானும் ஆணி அடித்தேன். அபிஷனுக்குப் பக்கத்தில், கண்மட்டத்தில். இரண்டாவது அடியில் விரல் நசுங்கியது, பெரிதாய் ஒன்றுமில்லை.

துளசிக்கு எழுத வேண்டியது, மறக்கமுன்: உன் புதுப் படம் ஒன்று வேண்டும். போனில் வேண்டாம், கடுதாசியில், பெரிய அளவு. பல் தெரியச் சிரி. மலை படத்தில் விழாவிட்டாலும் காரியமில்லை, முகம் விழவேண்டும். இந்தக் கிழமையே தபாலில் போடு.