நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர்

மடுல்சீமை
12.11.2007

அன்புள்ள தம்பி நிருபனுக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். மழை விட்டபாடில்லை. நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய சஞ்சிகை கிடைத்தது. உன் படம் வடிவாக விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே உள்ளதுதான் வாசிக்கச் சகிக்கவில்லை.

கெட்டிக்கார நகரங்களும் அவற்றின் சமூகங்களும் பற்றிய ஆராய்ச்சி எங்கே போகிறதென்று பன்னிரண்டு பக்கம் அளந்திருக்கிறாய். நகரங்களுக்கெல்லாம் மூளை முளைக்கிறதாம். ஆராய்கிறவர்களுக்கும் கொஞ்சம் முளைத்தால் நல்லது.

ஒன்பதாம் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் வருகிறது. இங்கே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பேர் இணையத்தில் 'ஒன்லைனில்' இருக்கிறார்களாம்! முதலில் சிரித்தேன். பிறகு பற்றிக்கொண்டு வந்தது. பாதி வீடுகளுக்கு மின்சாரமே இல்லையடா.

நீ எனக்கு அனுப்பிய கேள்வித்தாளில், 'நீங்கள் ஒன்லைனில் இருக்கிறீர்களா?' என்றிருந்தது. லைன் என்றால் இங்கே லயம், தோட்டத்துச் சனம் குடியிருக்கும் வரிசை வீடு. 'ஆமாங்க, தாத்தா காலத்துலருந்து லைன்லதான் இருக்கோம்' என்று சனம் உள்ளதைச் சொன்னது. மிச்ச நாலு பேர் குவாட்டர்ஸில் இருக்கும் உத்தியோகத்தர். பாடசாலைக் காவலாளி தம்பையா வீடு வீடாய்க் கேட்டுக் கேட்டுக் கட்டங்களில் புள்ளடி போட்டார். நான் பார்க்காமல் உறையிலிட்டேன். அது என் பிழைதான். ஆனால் அப்பா இங்கே மருந்தகத்தில் டிஸ்பென்சராக இருந்த காலத்தில் அந்த லயங்களில் சோறு வாங்கித் தின்றவன் நீ. உனக்குமா விளங்கவில்லை? சீ!

தோட்டத்து மருந்தகத்துக்குத் தொலைபேசி தருவதாகச் சொன்ன நிறுவனம் இப்போது கையை விரித்துவிட்டது. உன் கட்டுரையைக் காட்டி, உங்களிடம்தான் எல்லாம் இருக்கிறதே என்கிறார்கள். கைத்தொலைபேசியும் இந்தப் பள்ளத்தில் எடுபடாது.

என்னிடம் படித்த கேசினியை உனக்கு நினைவிருக்கும். போன வருஷம் வலி கண்டபோது வாகனம் கேட்க அவள் புருஷன் நாலு மைல் ஓடினான். வாகனம் வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை. வருகிற தையில் அவளுக்கு மறுபடியும் நாள். நேற்று வந்து, 'டீச்சர், நாங்க தப்பா சொல்லிப்புட்டமா?' என்று கேட்டாள்.

நிறுவனத்தின் விலாசம் இதோடு இருக்கிறது. எழுதியது பிழை என்று உன் கையெழுத்திட்டு அனுப்பு. பெயர் கெடும்தான். கெட்டால் கெடட்டும்.

குளிர்காற்றில் திரியாதே, உனக்கு நெஞ்சுச்சளி. கடவுள் உன்னை நல்லாய் வைத்திருக்கட்டும். தைக்கு முன்னால் எழுதிவிடடா.

உன் அக்கா,
லீலாதேவி