ஐந்து பேருக்கு இடமுள்ள வண்டி

ஏப்ரல் 9

அன்பு மகள் ஜனெல்லுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் டேரினும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே வேலியோரம் இன்னும் பனி கிடக்கிறது. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். என் சர்க்கரை ஏறாமல் இருக்கிறது, காலில் மரமரப்பு மட்டும் போகவில்லை.

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. ஜூனில் நீங்கள் வருவதற்குள் பழைய பிக்கப் லாரியைக் கொடுத்துவிட்டுக் குடும்ப வண்டி ஒன்று வாங்கப் போகிறோம் என்று சொன்னதற்கு நாலு பக்கம் எழுதி அனுப்பிவிட்டாய். அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். பின்னால் மூன்று குழந்தை இருக்கைகள் அடுத்தடுத்துப் பொருந்த வேண்டும் என்பது வரை தலையாட்டிக்கொண்டு வந்தார். கப் வைக்கும் குழிகள் வந்ததும், "பதினாலு குழியா? அது வண்டியா காபிக் கடையா?" என்றார். இருக்கை சூடாகும் என்றதும் மட்டும் முகம் மலர்ந்தது. இந்த ஊரில் ஆறு மாதக் குளிரில் உட்கார்ந்து எழுந்த மனிதர்.

எனக்கும் சில தேவைகள் இருக்கின்றன. உள்ளே சத்தம் இருக்கக் கூடாது. நான் மெல்லப் பேசினாலும் ஓட்டுகிறவருக்குக் கேட்க வேண்டும். எனக்கான முன் இருக்கை நன்றாக உயர வேண்டும், சாலை முழுவதும் எனக்குத் தெரிய வேண்டும். முன் கண்ணாடியின் இரு பக்கத் தூண்களும் மெல்லியதாக இருந்தால் நல்லது. டேரின் இதிலெல்லாம் கெட்டிக்காரன், அவனைக் கேட்டு எழுது. எட்டுப் பேர் உட்காரும் மினிவேன்தான் வேண்டும் என்று நான் பிடித்த பிடியாக இருக்கிறேன். ஏன் எட்டு என்று அப்பா கேட்கிறார். டேரினுக்கு விடுமுறை இல்லை, ஜனெல்லும் மூன்று பிள்ளைகளும் நான்கு பேர், நாம் இரண்டு பேர், எண்ணிப் பாருங்கள் என்றேன்.

ஊர்ச் செய்தி பெரிதாக இல்லை. நம் தபால் பெட்டி கம்பத்தோடு சாய்ந்து கிடந்தது. பனி அள்ளுகிற வண்டி இடித்துவிட்டது என்று அப்பா சொல்கிறார். அன்று பனி பெய்யவில்லை, ஆனாலும் பழைய பனியை அள்ள வந்திருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக் கீழறையில் காபி குடிக்கும்போது பக்கத்துப் பண்ணை லவோன் என்னை ஓரமாக அழைத்து, "நோர்பர்ட்டுக்கு எங்க மேல ஏதாவது கோவமா? ரோட்டுல எதிர வந்தா விரலே தூக்க மாட்டேங்குறாரே" என்று கேட்டாள். எதிரே வருகிறவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலாவது தூக்கிக் காட்டாமல் இந்தப் பக்கத்தில் யாரும் போவதில்லை, உனக்குத் தெரியும். அப்பாவுக்கு மூட்டு வலி என்று சொல்லிவைத்தேன்.

அப்பாவின் ஓட்டுநர் உரிமம் புதுப்பித்தாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை போனார், ஏதோ தாள் மறந்துவிட்டது என்று திரும்பி வந்தார், வியாழக்கிழமை போய் வாங்கி வந்தார். இடையில் புதன்கிழமை சவரம் செய்துகொண்டே ஏதோ எழுத்துகளை வரிசையாக முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பாட்டு என்று நினைத்தேன்.

கடிதத்தின் அடியில் அப்பா எப்போதும் எழுதும் இரண்டு வரி இந்த முறையும் இல்லை. கை வலி என்கிறார். வருத்தப்படாதே.

அன்புடன்,
அம்மா ஆர்டிஸ்


மே 3

அன்பு ஜனெல்,

டேரின் எழுதிய விவரங்களை அச்செடுத்து எடுத்துக்கொண்டு பிஸ்மார்க் நகரத்துக்குப் போய் வந்தோம். வண்டி வாங்கியாகிவிட்டது. நல்ல வண்டிதான். அடர்நீலம். குனியாமல் ஏறலாம், முட்டி மடங்காமல் இறங்கலாம். பின்கதவு தானே திறந்து தானே மூடுகிறது. பின்னால் போகும்போது திரையில் படம் காட்டுகிறது. உள்ளே நூலகம் மாதிரி அமைதி.

ஆனால் ஐந்து இருக்கைதான்.

மினிவேனையும் ஓட்டிப் பார்த்தோம். விற்பனை செய்கிற பெண்ணின் பெயர் ரமோனா, நாற்பது வயதிருக்கும், பின் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள். நான் வழக்கம்போல முன்னால் இருந்து வழி சொல்லிக்கொண்டு வந்தேன். அங்கே விளக்கு வருது, பச்சைதான், வலது பக்கம் சைக்கிள், கொஞ்சம் தள்ளிப் போங்க, இப்படி. ரமோனா சிரித்துவிட்டு, "அம்மா, சாவி அவர் கையில இருக்கு, ஆனா ஓட்டுறது நீங்கதான் போல" என்றாள். அப்பாவும் சிரித்தார். "ஐம்பத்தொரு வருஷமா இப்படித்தான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதோடு மினிவேன் கதை முடிந்தது. "நான் என்ன பள்ளிக்கூட வண்டியா ஓட்டப் போறேன்" என்றார். ரமோனா ஐந்திருக்கை வண்டியில் மூன்று குழந்தை இருக்கைகளையும் பொருத்திக் காட்டினாள், மூன்றும் உட்கார்ந்துவிட்டன. அப்புறம் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நமக்கு எதற்கு எட்டு இடம், வருஷத்தில் இரண்டு வாரத்துக்காக வெறும் நாற்காலிகளைக் குளிரில் சுமந்துகொண்டு அலைவதா என்று கேட்டார். கேட்டால் நியாயமாகத்தான் தோன்றும்.

நீ முக்கியம் என்று அடிக்கோடிட்டிருந்த விஷயங்களும் வண்டியில் இருந்தன. சாலையின் வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் பீப் அடிக்கும். முன்னால் யாராவது வந்தால் கத்திவிட்டுத் தானே பிரேக் பிடிக்கும். நான் மனதுக்குள் கடவுளுக்கு நன்றி சொன்னேன். ஓட்டிப் பார்த்த இருபது நிமிஷத்தில் எத்தனை முறை அடித்தது என்று எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் ரமோனா கண்ணாடியில் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கையெழுத்துப் போட்டதும் அவர் கேட்ட முதல் காரியம், அதையெல்லாம் அணைத்துத் தரச் சொன்னதுதான். "வீட்டுல ஒருத்தி நச்சரிக்கிறது போதும். வண்டியிலயும் ஒருத்தியா?" என்றார். ரமோனா என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். இந்தப் பெண்ணுக்கு இதற்கு மேல் எதுவும் தெரியாமல் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்றிருந்தது. கைப்பையை மூடிக்கொண்டேன். அவள் ஒவ்வொன்றாக அணைத்தாள்.

திரும்பும்போது தொண்ணூறு மைலும் சத்தமில்லாமல் வந்தது. இருக்கை சூடு இதமாக இருந்தது. எனக்குத்தான் வழி சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

தோட்டத்தில் ருபார்ப் செடி துளிர்த்துவிட்டது. குட்டி டெஸ்ஸாவுக்கு அதன் தண்டை வைத்து நான் சுடும் 'பை' பலகாரம் இன்னும் பிடிக்குமா என்று எழுது.

அன்புடன்,
அம்மா


ஜூன் 6

என் ஜனெல்,

இதைத் தனியாக உட்கார்ந்து படி. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் வைத்துவிட்டு அப்புறம் படி.

ஞாயிறு தொலைபேசியில் இதைச் சொல்ல முடியாது. மேசை நடுவே வைத்து இருவருமாகப் பேசுகிறோம், உனக்கே தெரியும். கடிதம் என்றால் பயமில்லை. இதை அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அவர் காபி குடித்துக்கொண்டிருக்கிறார். "என்ன எழுதுற?" என்று கேட்டார். வண்டியைப் பற்றி என்றேன். "சீட்டு சூடாகும்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். பார்வையின் நடுப்பகுதி அழிந்துவருகிறது, ஓரம்தான் மிச்சம், வண்டியைத் தொடக் கூடாது என்றார். அப்பா அந்த டாக்டரிடம் மறுபடி போகவில்லை. உரிமம் புதுப்பிக்கும் இடத்தில் கண் பரிசோதனைப் பலகை எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்துத்தான் தேறினார். நான் ஓட்டியிருப்பேன். அறுவடைக்கு லாரி ஓட்டினவள் நான். ஆனால் போன செப்டம்பரில் பிரேக் என்று நினைத்து நான் மிதித்தது பிரேக் இல்லை. கால் எதன் மேல் இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை. கொட்டகைக் கதவு உடைந்ததற்குக் காற்று காரணம் என்று உன்னிடம் சொன்னோம். காற்று அடிக்கவில்லை.

அன்றைக்குத்தான் அவர் சொன்னார், "உனக்குக் காலு இல்ல, எனக்குக் கண்ணு இல்ல. ரெண்டையும் சேத்தா ஒரு டிரைவர்." நாங்கள் இருவரும் சிரித்தோம். கடைக்கு இருபத்திரண்டு மைல், மருந்துக்கு முப்பது மைல், பஸ் இல்லாத ஊர். வேறு என்ன செய்வது என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. அன்றிலிருந்து அவர் கேட்பார், நான் சொல்வேன். என்ன நிறம்? பச்சை. யாராவது வர்றாங்களா? இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து இத்தனை நாள் ஊர் சுற்றிவிட்டோம்.

போன வாரம் நான் குளித்துக்கொண்டிருந்தபோது ஆணி வாங்க வேண்டும் என்று தனியாகப் போய்விட்டார். சாயங்காலம் லவோன் வந்தாள், கையில் ஒரு தட்டு கேக். கணுக்கால் வீங்கியிருந்தது, சட்டையில் சேறு. நடைப் பயிற்சிக்குப் போனவள், நம் வண்டி நேராக வருவதைப் பார்த்துப் பள்ளத்தில் குதித்திருக்கிறாள். தூரத்திலேயே தெரியட்டும் என்று ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு நடப்பவள். "வெயில் கண்ணுல அடிச்சிருக்கும், பாவம். அவர்ட்ட சொல்லாத, மனசு கஷ்டப்படுவாரு" என்றாள். அன்று முழுவதும் மேகமூட்டம். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நாங்கள் இருவரும் உட்கார்ந்து கேக் சாப்பிட்டோம். அவரிடம் நான் சொல்லவில்லை. அந்த வண்டி கத்தவில்லை ஜனெல். பிரேக்கும் பிடிக்கவில்லை. அணைக்கும்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

இப்போது நான் எட்டு இருக்கை கேட்டது ஏன் என்று உனக்குப் புரிந்திருக்கும். பதினான்காம் தேதி நீயும் மூன்று குழந்தைகளும் பிஸ்மார்க் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறீர்கள், டேரினுக்கு விடுமுறை இல்லை. உன்னோடு நான்கு, அப்பா ஐந்து. எனக்கு இடமில்லை. நானும் வருகிறேன் என்றேன். "திரும்பி வர்றப்ப உன்ன கூரை மேல கட்டிட்டு வரவா? வீட்ல இருந்து ருபார்ப் பை சுட்டு வை" என்கிறார். தொண்ணூறு மைல் தனியாக வந்து, உங்களை ஏற்றிக்கொண்டு, தொண்ணூறு மைல் திரும்ப ஓட்டப் போகிறார். பின்னால் மூன்று சின்ன இருக்கைகளையும் ஏற்கெனவே கட்டிவைத்துவிட்டார். காலையில் போய்த் தடவித் தடவி இறுக்கிப் பார்க்கிறார்.

நான் அவரோடு வந்துவிடுவேன். சண்டை போட்டாவது முன் இருக்கையில் ஏறிக்கொள்வேன். வரும் வழிக்கு என் கண் இருக்கிறது. விமான நிலையத்தில் நீ அவரைக் கட்டிப்பிடிக்கும்போதே சாவியை வாங்கிக்கொள். புது வண்டியை ஓட்டிப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல், உனக்கு மறுக்க மாட்டார். சாவி உன் கைக்கு வந்த பிறகுதான் குழந்தைகளை உட்காரவைக்க வேண்டும். நான் அங்கே பெஞ்சில் இருந்துகொள்கிறேன், ரொட்டி கட்டிக்கொண்டு வருவேன். யாரையாவது அனுப்பி அப்புறம் அழைத்துக்கொள்ளலாம். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. அவர் எதிரில் இதைப் பற்றி என்னோடு வாதாடாதே. ஊருக்கு வந்தபின் அந்தச் சாவியைத் திருப்பிக் கொடுக்காதே. அவர் கோபப்படுவார், அழுவார், நான் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்பார். சொல்லட்டும். எனக்கு இதைச் செய்யத் துணிவில்லாமல் போனதால்தான் உன் தலையில் கட்டுகிறேன். என்னை மன்னித்துக்கொள்.

தபால் பெட்டி மறுபடியும் சாய்ந்துவிட்டது. லவோன் வீட்டுப் பெட்டியில் இதைப் போட்டு தபால்காரர் எடுத்துப்போக அதன் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு வருவேன். கால் மைல்தான். அப்பா மதியம் படுத்த பிறகுதான் அந்தச் சாலையில் நடப்பேன்.

இதோ, இப்போது பேனாவைக் கேட்டார். ரொம்ப நாளாயிற்று, பிள்ளைக்கு இரண்டு வரி எழுத வேண்டுமாம். கடிதத் தாள்களை அவர் பக்கம் நகர்த்தினேன். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெதுவாக, அழுத்தி எழுதினார். முதல் பக்கத்தில், "அப்பாவுக்குக் கண்" என்று நான் எழுதியிருக்கிறேனே, அந்த வரிகளின் மேலேயே எழுதிவிட்டார். வெற்றிடம் என்று நினைத்திருக்கிறார். உனக்குப் படிக்கச் சிரமமாக இருக்கும். நான் வேறு தாளில் மாற்றி எழுதப் போவதில்லை, அப்படியே அனுப்புகிறேன். அவர் எழுதியிருப்பது இதுதான்: "ரெண்டு மணிக்கு ஏர்போர்ட் வாசல்ல நிப்பேன். பிள்ளைங்கள பத்திரமா வீடு கொண்டு வந்து சேக்குறது என் பொறுப்பு. அப்பா."

கடவுள் உங்கள் நான்கு பேரையும் வழித்துணையாக இருந்து காக்கட்டும்.

உன் அம்மா