என் வயிற்றில் பிறந்த முதலாளிக்கு

நாமகிரிப்பேட்டை,
24.11.2024

அன்புள்ள மகள் தனப்பிரியாவுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும், இடது முழங்கால் நீங்கலாக உன் அப்பாவும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஆதிரையும் அந்தக் குளிரிலும் நலமாக இருக்க வேண்டும். முதலில் முக்கியமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சென்ற வியாழக்கிழமை எங்கள் நூல் மில்லின் தொழிலாளர் குழு கூடி, இரண்டு மணி பத்து நிமிடம் விவாதித்து, புதிதாக வாங்கிய அறிவிப்புப் பலகையைக் கேட்டுக்கு இடது பக்கம் மாட்டாமல் வலது பக்கம் மாட்டுவது என்று ஏகமனதாக முடிவெடுத்தது. இடது பக்கம் காலை வெயில் அடித்து எழுத்து வெளுத்துவிடும் என்று நான்தான் பேசினேன், அதை அப்படியே குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்கள். இருபத்தாறு வருஷமாக அந்த மில்லில் நூல் சுற்றும் கோன் பிரிவில் இருக்கிறேன், நான் சொன்னது எழுத்தில் ஏறுவது இது இரண்டாம் தடவை. முதல் தடவை ஏறியதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நீ குழந்தையைத் தூக்கிக் காட்டுகிறாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவள் பல்லை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

குழுவுக்கு என்னை ஏன் எடுத்தார்கள் என்றால், மகள் ஸ்வீடனில் இருக்கிறாள், அதனால் இதெல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும் என்று. உன் கம்பெனியில் இயக்குநர்கள் கூடும் மேசையில் தொழிற்சங்கம் அனுப்பிய இரண்டு பேரும் உட்காருகிறார்கள், முதலாளி பார்க்கும் கணக்கை அவர்களும் பார்க்கிறார்கள் என்று போன வருஷம் நீ சொன்னதை, பக்கத்து மிஷினில் நிற்கும் நம் ஊர்க் காளியாத்தாளிடம் சொல்லியிருந்தேன். அவள் வெகுநேரம் யோசித்துவிட்டு, “நாற்காலி அவங்களே குடுப்பாங்களா, நாம கொண்டு போவோணுமாக்கா?” என்று கேட்டாள். எங்கள் குழுவுக்கு நாற்காலி அவர்களே கொடுத்தார்கள். பலகை, டீ நேரம், ஆயுத பூஜைக்குப் பொரி வாங்குவது ஆகிய மூன்றிலும் எங்களுக்கு முழு அதிகாரம் உண்டு.

மில் இப்போது யாருடையது என்று உனக்குத் தெரியாது. நாலு வருஷம் முன்பு பழைய முதலாளி சென்னிமலை விற்றுவிட்டார். அவரை நல்லவர் என்று நான் எழுதப் போவதில்லை. சங்கம் என்ற சொல்லை வாயால் சொன்ன ஆறு பேரை அவர் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார், அதில் இரண்டு பேருக்குக் கடைசிவரை வேறு வேலை கிடைக்கவில்லை. ஊர் ஊராக மில் பஸ் விட்டவரும் அவர்தான். அது எங்கள் மேல் இரக்கத்தால் அல்ல, ஆறு மணிக்கு மிஷின் ஓட வேண்டும் என்பதால். அவருக்குப் பிறகு யார் என்று, சூரமங்கலத்திலிருந்து வந்துபோகிற நந்தகுமார் என்ற அலுவலர் தம்பியிடம் கேட்டேன். “ஏனுங்க தம்பி, இப்ப நம்மளுக்கு மொதலாளி யாருங்க?” அவர் விரல் விட்டு எண்ணினார். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனி, அதற்கு மேலே மும்பையில் ஒன்று, அதற்கு மேலே சிங்கப்பூரில் ஒன்று, அதில் பெரிய பங்கு ஸ்வீடனில் ஒரு ஓய்வூதிய நிதிக்கு. அதுக்கு மேலீங்க என்றேன். “அதுக்கு மேல ஆளில்லீங்கக்கா, அந்த ஊர்ல மாசச் சம்பளம் வாங்கறவங்கதான். அவங்க வயசான காலத்துக்குப் புடிக்கிற பணம்” என்றார். நிதியின் பெயரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கி வந்தேன். அங்கே வரி அவ்வளவு பிடிக்கிறார்கள் என்று நான் நம்பாததால், தீபாவளிக்கு முன்னால் உன் சம்பளச் சீட்டைப் படம் பிடித்து அனுப்பினாயே, அதில் கடைசி வரியில் இருந்ததும் அதே பெயர். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன், எழுத்துக்கு எழுத்து அதேதான். உன் அப்பாவிடம் காட்டினேன். “பாத்தியா, உம்புள்ள உனக்கே மொதலாளி ஆயிட்டா. இனிமேலு போன்ல மரியாதையாப் பேசு” என்று சொல்லிவிட்டுக் காலுக்குத் தைலம் தேய்க்கப் போய்விட்டார்.

அந்த நிதியிலிருந்து ஆடி மாசம் ஒரு அம்மா வந்தார். பணம் போட்ட இடத்தில் வேலை செய்கிறவர்களை நேரில் பார்த்துக் கேட்காமல் அவர்கள் எதுவும் செய்ய மாட்டார்களாம். இது பெரிய விஷயம், சென்னிமலை ஒரு நாளும் எங்களை எதுவும் கேட்டதில்லை. கேன்டீனில் எங்கள் பக்கத்துப் பெண்கள் பதினைந்து பேரை உட்கார வைத்து, சென்னையிலிருந்து மொழிபெயர்க்க ஒரு பெண்ணையும் கூட்டி வந்து, நாற்பத்தொரு கேள்வி கேட்டார். நாங்கள் எல்லோரும் விசேஷத்துக்குக் கட்டுகிற சேலையில் போயிருந்தோம். காளியாத்தாள் ஒரு சீப்பு செவ்வாழை கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பதினேழாவது கேள்வி, மில் பஸ் இல்லாவிட்டால் வேலைக்கு வருவது சிரமமா என்பது. காளியாத்தாள் உடனே, “அதிலென்னங்க சிரமம், நடந்தாக்கூட வந்துருவோமுங்க” என்றாள். எல்லோரும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். மில் பதினோரு கிலோமீட்டர், ஷிஃப்ட் ஆறு மணிக்கு, நம் ஊருக்கு முதல் டவுன் பஸ் வருவதே ஆறு இருபதுக்கு. இந்த மூன்றையும் சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொன்னது, “ஒரு கொறையுமில்லீங்க, எம்புள்ளகூட உங்க ஊர்லதானுங்க இருக்குது” என்பது. அவர் சந்தோஷப்பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். உன்னைப் பற்றித்தான் கொஞ்ச நேரம் பேசினோம். அந்தப் பெண் எங்கள் வார்த்தைகளை ஒன்று விடாமல் மொழிபெயர்த்தாள், அவர் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

நம் பக்கத்தில் வந்தவர்களிடம் வேறு எப்படிப் பேசுவார்கள், நீயே சொல். பந்தியில் குழம்பு வராமல் எழுந்தவர்கூட வயிறு நிறைந்துவிட்டது என்றுதான் வாசலில் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. உன் ஊர்க்காரர் முன்னால், கையேந்துகிற வீட்டுப் பெண் என்று உனக்குப் பெயர் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். நீயும் என் மகள்தான். அங்கே போன முதல் வருஷம், இந்த இடம் சரியாக இருக்கிறதா என்று உன் மேலதிகாரி கேட்டபோது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, மூடாத ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாயே.

வியாழக்கிழமை பலகைத் தீர்மானம் முடிந்து டீ வந்த பிறகு, நந்தகுமார் தம்பி இன்னொரு விஷயம் என்று ஆரம்பித்தார். டிசம்பர் ஒன்றாம் தேதி முதல் நம் பக்கத்து பஸ் கிடையாது, தேவைப்படவில்லை என்று தொழிலாளர்களே சொல்லியிருப்பதாக அந்த நிதியின் அறிக்கையில் இருக்கிறது என்றார். அது மரியாதைக்குச் சொன்னதுங்க தம்பி என்றேன். “அந்தக் கேள்விப் பாரத்துல மரியாதைன்னு ஒரு கட்டம் இல்லீங்கக்கா” என்றார். கேலி செய்யவில்லை, அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது. ஆறே காலுக்கு மேல் கேட்டைத் திறக்க மாட்டார்கள், மாசத்தில் ஐந்து நாள் தவறினால் வேலைப் பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். சில பிரிவுகளுக்கு இருக்கிற எட்டரை மணி ஷிஃப்ட் கோன் பிரிவுக்குக் கிடையாது. அப்பா மொபெட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்கிறார், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவர் வாசல் வரைக்கும் போவதே பெரிது. ஷேர் ஆட்டோக்காரர் இரண்டு நாள் வருவார், மூன்றாம் நாள் முகூர்த்தம் என்பார். எனக்கு ஓய்வு வயதான ஐம்பத்தெட்டு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பதினைந்து பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்தோம். அது கோயம்புத்தூர் போய், மும்பை போய், சிங்கப்பூர் போய், உன் ஊருக்கு வர வேண்டும். நீ அனுப்பிய சாக்லேட் இங்கே வந்துசேர ஏழு வாரம் ஆனது.

இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்து யோசித்துப் பார்க்கிறேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அங்கே உன்னை வீட்டில் உட்காரச் சொல்லிச் சம்பளத்தில் பெரும்பங்கும் கொடுக்கிறார்கள். வயசானவர்கள் யார் கையையும் எதிர்பார்க்காமல் தனியாகக் கடைக்குப் போய் வருகிறார்கள். எல்லாம் நியாயம்தான், உலகத்தில் ஒரு இடத்திலாவது அப்படி நடக்க வேண்டும். அந்தப் பெரியவர்கள் அப்படி இருக்க நிதி வளர வேண்டும், நிதி வளர எங்கள் மில் லாபம் காட்ட வேண்டும், லாபத்துக்கு எங்கள் பஸ்ஸின் டீசல் குறைய வேண்டும். இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று எனக்கு ஆள் அகப்படவில்லை. சென்னிமலை காலத்தில் வைவதற்காவது ஒருத்தர் இருந்தார். இப்போது மேலே மேலே போய்ப் பார்த்தால் நீ உட்கார்ந்திருக்கிறாய், மடியில் ஆதிரையோடு.

இதைப் படித்துவிட்டு நீ அந்த நிதிக்கோ உன் சங்கத்துக்கோ எழுதிக்கொண்டிருக்காதே, உன் வேலைக்கு இடைஞ்சல் வரும். எனக்காக யாரிடமும் எதுவும் கேட்க வேண்டாம், இங்கே எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. வெயில் இல்லாத மாசங்களில் டாக்டர் சொன்ன மாத்திரையை விடாமல் போடு. மாப்பிள்ளை கலையரசனை ஐஸ் தரையில் வேகமாக நடக்க வேண்டாம் என்று சொல். யாராவது எதையாவது கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிப் பழகு சாமி, இது ஒன்றுதான் நான் உனக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்டது.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல், நினைத்தது நடந்து, நீண்ட ஆயுசோடு இருக்க நம் ஊர் மாரியம்மன் துணை இருப்பாள். ஆதிரையின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து அளவு வரைந்து அனுப்ப மறக்காதே, கம்பளி நூல் வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் நலத்தையே நினைத்திருக்கும்
அம்மா கமலவேணி

பி.கு., 18.12.2024: வெளிநாட்டுக்குத் தபால்தலை ஒட்ட ராசிபுரம் போக வேண்டும், நேரம் இல்லாமல் கடிதம் அலமாரியிலேயே இருந்துவிட்டது. இன்றைக்கு நேரம் இருக்கிறது. பஸ் ஒன்றாம் தேதியிலிருந்து வரவில்லை. பலகையைக் கேட்டுக்கு வலது பக்கம் மாட்டியிருக்கிறார்கள், வெயில் படுவதில்லை, எழுத்து நன்றாகத் தெரிகிறது. பெயர் எடுக்கப்பட்டவர்கள் பட்டியலை நேற்று அதில் ஒட்டினார்கள். எங்கள் பதினைந்து பேரில் பதினாலு பேர். என் பெயர் ஒன்பதாவது.