பொலி சொல்லிப் பழக்கிய குதிரை

நேற்றுப் பாசிக்குடாக் கடற்கரையில், வெளிநாட்டுக்காரி ஒருத்தியைச் சுமந்துகொண்டு ஒரு குதிரை என்னை உரசாத குறையாகக் கடந்துபோனது. சேணத்தின் கீழே ஊறிய வியர்வையின் மணம் தன்னாமுனை வீடுவரைக்கும் என்னோடு வந்தது. அதனால்தான் தம்பி, உனக்கு எழுதுகிறேன். இறந்தவர்களுக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு. பதில் வரவில்லையே என்று குறைப்பட வேண்டியதில்லை.

அக்காவை நானும் தங்கையை நீயும் கட்டியதால் ஒரே வளவில் இரண்டு வீடுகளில் இருந்தோம். சமாதானம் வந்துவிட்டதாக எல்லோரும் நம்பிய நாட்களில், உல்லாசப் பயணிகளை ஏற்றிப் பிழைக்கலாமென்று மலைநாட்டிலிருந்து ஒரு குதிரைக் குட்டியை லொறியில் கொண்டுவந்தாய். அதுவரை நீ கண்ட குதிரை கோயில் வாகனம் மட்டுமே. அது உதைக்காது.

"ஆரடா இதைப் பழக்குறது?"

"நான்தான் அண்ணன். எருமை பழக்கினவனுக்குக் குதிரை என்ன, கொம்பில்லாத எருமைதானே."

ஆனாலும் அதன் முதுகில் ஏற நீ அவசரப்படவில்லை. "முதல்ல நிலத்தில நிண்டு பழக்கோணும். நம்மட நாட்டில எல்லாரும் ஏறிப்போட்டுத்தான் யோசிக்கிறாங்க" என்றாய்.

முற்றத்தின் நடுவில் நீண்ட கயிற்றைப் பிடித்து நின்றாய். நெற்கதிரை மிதிக்கவிட்டுச் சூடடிக்கும் களத்தில் எருமைகளை வளையவிடும்போது சொல்லும் "பொலி, பொலி" என்பதையே அதற்கும் சொன்னாய். குட்டி உன்னைச் சுற்றியது. "நில்" என்றால் நின்று, உன் பக்கம் முகத்தைத் திருப்பியது. சில மாதங்களில் கயிறில்லாமலே சுற்றியது. நேராக நடக்க மட்டும் நீ பழக்கவில்லை. களத்து எருமைக்கு நேராகப் போகும் வேலை இல்லையல்லவா.

சுனாமியாகக் கடல் வந்த அன்று, சவாரிக்கு இடம் பார்க்க விடியவே கதிரவெளிக் கடற்கரைக்குப் போயிருந்தாய். நான் தேநீரோடு முற்றத்தைப் பார்த்திருந்தேன். குட்டி தானாகச் சுற்றத் தொடங்கியது. ஒரு காது முன்னோக்கியிருக்க, மற்றது நடுவை நோக்கித் திரும்பியிருந்தது. திடீரென்று நின்று, வெறுமையான நடுவுக்கு முகத்தைத் திருப்பி, வெகுநேரம் அசையாமல் நின்றது. செய்தி அதன் பிறகுதான் வந்தது. நீ வரவில்லை. உன் உடலும் கிடைக்கவில்லை.

பிறகு நாள்தோறும் சுற்றியது. உன் மனைவி தங்கமலர் இறுதிக் கிரியைக்குச் சம்மதிக்கவில்லை. பொட்டை அழிக்கவில்லை. மதியத்தில் உனக்கும் சோறு போட்டு வைத்தாள்.

"அவர் நடுவில நிக்கிறார் அத்தான். இல்லாட்டி இது ஆரைச் சுத்துது?"

பழக்கம், அனிச்சைச் செயல் என்று படித்ததையெல்லாம் விளக்கினேன்.

"அப்ப நீங்க போய் நடுவில நில்லுங்களன்."

எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது.

போர் முடிந்ததும் கடற்கரையில் ஹோட்டல்கள் முளைத்தன. குதிரை கேட்டு ஒருவர் வந்தார். மலைநாட்டுக்காரர், குதிரை பழக்குவதே தொழில். "பாத்திட்டுப் போங்க, தரமாட்டன்" என்றாள் தங்கமலர். அவர் கயிற்றோடு நடுவில் போய் நின்றார். குதிரை நின்றது. ஆனால் அது பார்த்தது அவரையல்ல, அவருடைய தோளுக்குப் பக்கத்தில். அவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பின்பு முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்கி வந்தார்.

"ஐயா, இத ஏற்கெனவே ஒருத்தர் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. நான் எப்படிப் புடிக்கிறது?"

சிரிக்க ஆயத்தமானேன். தங்கமலரின் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். இத்தனை காலமாக அவள் சொன்னதை முதன்முதலாக ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். மகிழ்வாள் என்று நினைத்தேன்.

"இவ்வளவு வருஷமா நிண்டுகொண்டா இருக்கார்?" என்றாள். "கால் நோகாதா?"

நடுவுக்குப் போனாள். வீட்டுக்குள் பேசுவதுபோலத் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நிண்டது காணும். கயித்த விடுங்க. போய் இருந்து ஆறுங்க."

குதிரை தலையை உதறியது. வட்டத்தை விட்டு, அவளை ஒட்டி, நடுவால் நேராக நடந்து அந்த மனிதரிடம் போனது. மறுநாள் உனக்குக் கிரியை செய்தோம்.

இப்போது தங்கமலர் அந்த நடுவால்தான் கிணற்றுக்குப் போய் வருகிறாள். நான் வாளியோடு சுற்றித்தான் போகிறேன். நீ கயிற்றை விட்டதை நாங்கள் எல்லோரும் கண்டோம். நடுவை விட்டு, இருந்து ஆறப் போனதை யாரும் காணவில்லை.