நித்யா சொன்ன பூஜ்யம்

ஜூலை 8, செவ்வாய்.

மாலை ட்யூஷனில் அறிவியல் சந்தேகங்களை முடித்துக் கணக்குக்கு வந்தோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு ஏறவில்லை. பகடையை விட்டுவிட்டு, ஏரியில் யார் எங்கே வலை போடுவது என்று ஊரில் சீட்டு எடுப்பார்களே, அதைச் சொன்னேன்.

"ஆளுக்கு ஒரு சீட்டு, மொத்தம் இருபது. மொதல்ல உன் பேர் வர்றதுக்கு நிகழ்தகவு இன்னா?"

எல்லோரும் இருபதில் ஒன்று என்றார்கள். நித்யா மட்டும், "பூஜ்யம் டீச்சர்" என்றாள்.

"எப்டிம்மா?"

"பொம்பளைங்க பேர சீட்டுல எழுத மாட்டாங்களே. நைனா செத்ததும் எங்க வூட்டு சீட்டையே எடுத்துட்டாங்க."

கோபமாகச் சொல்லவில்லை. விடையாகத்தான் சொன்னாள். அவள் நோட்டில் டிக் போட்டேன். பரீட்சையில் மட்டும் இருபதில் ஒன்று என்று எழுதச் சொன்னேன்.

"அங்க மட்டும் நம்ம பேர் இருக்குமா டீச்சர்?"

இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.